மணக்குடி மணல்

மக்கா,

உன் கடிதம் போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. கொண்டுவந்த தபால்காரர் வாசலில் நின்று, கல்யாணச் சேதிதானே என்று சிரித்துவிட்டுப் போனார். ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது, தெரியட்டும். என்னிடம் இரண்டு காரியம் கேட்டிருந்தாய். ஒன்று, திருவனந்தபுரத்தில் நீ தொடங்கப்போகிற பூச்சட்டித் தோட்டத்துக்கு, எந்த மாதம் எந்தச் செடிக்கு என்ன செய்ய வேண்டும் என்று நான் கைப்பட எழுதித் தர வேண்டும். இரண்டு, களியக்காவிளைப் பெண் தாலி ஏறி நம் வீட்டுக்கு வந்த அன்றைக்கே, விலக்கு நாட்களில் செடிப்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்று நானே அவளிடம் கண்டித்துச் சொல்லிவிட வேண்டும். "முந்தினவளால் பட்டது போதும்" என்று கீழே ஒரு வரி. அந்த வரியைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் வகுப்புப் படித்த கைதான், எழுத்து கோணலாகத்தான் வரும். கோணலைப் பார்த்துச் சிரித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே. கடைசி வரைக்கும் படி.

முதலில் மாத வேலையை எழுதிவிடுகிறேன். செடி விஷயத்தில் நான் உனக்குச் சொல்லித் தந்ததில் ஒன்றே ஒன்றுதான் பொய். மற்றதெல்லாம் உன் அப்பா மலைத்தோட்டத்துத் துரை பங்களாவில் பதினோரு வருஷம் மண்வெட்டி பிடித்துப் படித்துக்கொண்டு வந்தது, எனக்குச் சொன்னது, நான் உனக்குச் சொன்னது. வரப்போகிற மாமனார் கண்ணாடிக் கூரை போட்டுத் தருவதாகப் பெருமையாக எழுதியிருக்கிறாய். கண்ணாடி குளிர் நாட்டுக்காரனுக்கு உள்ளது. மாசி பிறந்ததும் அந்தக் கண்ணாடிமேல் சுண்ணாம்பு அடித்துவிடு, இல்லாவிட்டால் உள்ளே செடி அவிந்துபோகும். சித்திரை வைகாசியில் விடியுமுன் ஒரு தடவை, பொழுது சாய்ந்த பிறகு ஒரு தடவை தண்ணீர். நடுப்பகலில் தலை தொங்கிக் கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு ஊற்றினால், சூடேறிய சட்டிக்குள் வேர் வெந்துவிடும். தரையில் சாக்கை நனைத்து விரித்துப் போடு, அது போதும். ஆனி ஆடியில் இங்கே ஒழுகினசேரியில் நாம் காற்றுக்குப் பயந்து சட்டிகளைத் தரையில் இறக்கி, ஒன்றோடு ஒன்று நெருக்கி வைத்து, மேற்கே ஓலைத் தட்டி கட்டுவோமே, அங்கே அது வேண்டாம். அங்கே உனக்கு எதிரி மழை. சட்டி அடியில் இரண்டு செங்கல் துண்டு வைத்துத் தூக்கி நிறுத்து. அடித்துவாரத்தை வாரம் ஒரு தடவை குச்சியால் குத்திவிடு. மேல்மண் காய்ந்ததைப் பார்த்து ஏமாந்து தண்ணீர் ஊற்றாதே. விரல் முட்டியால் சட்டியின் வயிற்றைத் தட்டு. கணீரென்று கேட்டால் உள்ளே காய்ந்திருக்கிறது, மொத்தென்று கேட்டால் ஈரம் இருக்கிறது. இந்தத் தட்டிப் பார்க்கிற வித்தையை உனக்கு நான் சொல்லித் தரவில்லை, உன் அப்பாவும் சொல்லித் தரவில்லை. யார் சொன்னது என்று யோசித்துப் பார். தாணம்மை.

ஆமாம், உன் பெண்டாட்டி தாணம்மை. உறவைத் தீர்த்து எழுதிவிட்டோம் என்பதற்காக அவள் பெயரை நான் எழுதாமல் இருக்கப்போவதில்லை. நெய்யூர்ப் பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கும் தென்னையும் பார்த்து வளர்ந்த பெண், பூச்சட்டி என்ற ஒன்றையே நம் வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தாள். வந்த மூன்றாம் மாதமே சட்டியைத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்கத் தொடங்கிவிட்டாள். செவந்திக்கு ஆவணி பாதி வரைக்கும் கொழுந்து கிள்ளலாம், அதற்குப் பிறகு கிள்ளினால் மார்கழிப் பூ தையில்தான் வரும் என்று நான் சொன்னேன். அவள் பத்துச் சட்டியில் நாள் தள்ளித் தள்ளிக் கிள்ளிப் பார்த்து, எந்த வாரம் கிள்ளினால் எந்த வாரம் மொட்டு என்று சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருந்தாள். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். நானும் மெச்சியிருக்கலாம். எனக்கு வயிறு எரிந்தது. நீ சாயந்திரம் தோட்டத்துக்குள் வந்ததும் முதல் கேள்வியை என்னிடம் கேட்பாய், பிறகு பிறகு அவளிடம் கேட்கத் தொடங்கினாய். புருஷனைப் பறிகொடுத்து, இருபது வருஷம் அந்த ஓலைக் கொட்டகையைத் தனியாகக் கட்டி நிறுத்தினவள் நான். பெற்ற பிள்ளை என் முன்னால் குனிந்து அவளிடம், "இதுக்குத் தண்ணி விடலாமா?" என்று கேட்டபோது எனக்கு என்ன தோன்றியது என்று உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல. அவள் ஏதாவது ஒரு தப்புச் செய்ய வேண்டும் என்று நான் காத்திருந்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவள் தப்புச் செய்யவில்லை. நான் செய்தேன். ரோஜாவுக்கு ஐப்பசிக் கடைசியில் கவாத்து என்பது உனக்குத் தெரியும். அப்போது வெட்டினால் கிறிஸ்மஸ் வாரத்தில் பூ நிற்கும், பங்களாக்காரர்கள் சட்டியோடு வாங்கிப் போவார்கள். வெட்டின கையோடு பழைய மண்ணைத் தட்டிவிட்டுப் புதுமண் மாற்ற வேண்டும். செம்மண் ஒரு பங்கு, மக்கின சாணமும் இலையும் ஒரு பங்கு, ஆற்று மணல் அரைப் பங்கு, அடியில் ஓட்டாஞ்சில்லு. அந்த வருஷம் ஐப்பசி மழையில் பழையாறு கரை முட்டி ஓடியது. மணல் அள்ள ஒருவனும் இறங்க மாட்டேன் என்றான். கோடையிலேயே மணல் அள்ளிக் குவித்து வைக்கத் தவறினது நான்தான். இருநூற்றுச் சொச்சம் சட்டி வெட்டு முடிந்து நிற்கிறது, புதுமண்ணுக்கு மணல் இல்லை. அப்போது ஒரு வண்டிக்காரன் வந்தான். மணக்குடியிலிருந்து கொண்டு வருகிறேன், இதுவும் உங்கள் பழையாற்று மணல்தான் அம்மா என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆறு கடலில் போய் விழுகிற இடத்து மணல். கோடையெல்லாம் கடல்தண்ணீர் ஏறிக் கிடக்கிற மணல்.

உன் அப்பா உயிரோடு இருக்கும்போது அந்த மணலை ஒரு தடவை வாங்கியிருக்கிறார். வாங்கி, வேலியோரம் கொட்டி, ஒரு மழைக்காலம் முழுக்க நனையவிட்டு, அடுத்த வருஷம்தான் தொட்டார். கழிமுக மணலை ஒரு மழை குளிப்பாட்டாமல் சட்டிக்குள் போடாதே என்று என்னிடம் சொன்னதும் அவர்தான். எனக்கு மறந்துபோகவில்லை மக்கா. வண்டி வந்து நிற்கும்போதே ஞாபகம் வந்தது. வெளியே மழை கொட்டுகிறது, நாலு நாள் நனைந்தால் போதாதா என்று நினைத்தேன். நாலாம் நாள் கலந்துவிட்டேன். வெட்டின கிளையில் மழை விழுந்தால் அழுகும் என்று சட்டிகளைக் கொட்டகைக்குள் வேறு அடுக்கிவிட்டோம். வெளியே நின்றிருந்தாலாவது மழை அந்த உப்பைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். கூரைக்குக் கீழே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, உப்பைச் சட்டிக்குள்ளேயே பத்திரமாகப் பூட்டி வைத்தேன்.

கார்த்திகையில் எனக்குக் காய்ச்சல் வந்து பன்னிரண்டு நாள் பாயில் கிடந்தேன். நீ செடி கொடுக்கப் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தாய். கொட்டகையைப் பார்க்க அவள் ஒருத்திதான். அந்தப் பன்னிரண்டு நாளில் மூன்று நாள் அவளுக்கு விலக்கு. என்ன செய்வாள்? தளிர் விடுகிற நேரத்தில் மூன்று நாள் தண்ணீர் காட்டாமல் விட்டால் கவாத்து முழுக்க வீண். போய் ஊற்றினாள். போனதை ஒளிக்கவும் இல்லை. நான் எழுந்து உட்கார்ந்த அன்றைக்கு, கஞ்சியைக் கையில் தந்துவிட்டு, "அத்தை, மூணு நாளும் நான்தான் செடிக்கு வெள்ளம் விட்டேன். வேற ஆளு இல்ல, கோவிச்சுக்கிடாதிங்கோ" என்றாள். நான் கஞ்சியை வாங்கிக் குடித்தேன். செடியெல்லாம் தளிரும் தழையுமாக நின்றபோது அந்தத் தீட்டு எனக்கு உறுத்தவில்லை, பார்த்துக்கொள்.

மார்கழி பிறந்து மழை நின்றது, காய்ந்த வாடைக்காற்று அடித்தது. இலையோரம் தீய்ந்தது. மொட்டு பட்டாணி அளவுக்கு வந்து, காம்பு கறுத்து, தொட்டால் விழுந்தது. பத்துச் சட்டி, இருபது சட்டி என்று பார்க்கப் பார்க்கப் போய்க்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பங்களா பட்லர் சட்டி பார்க்க வந்தான். வரிசை வரிசையாக நடந்து பார்த்துவிட்டு, இந்தத் தோட்டத்துக்கு என்ன வந்தது, கிழவிக்குக் கை தப்பிப்போச்சா என்று என் முகத்துக்கு நேரே கேட்டான். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. அந்தக் கிழவி என்ற வார்த்தையும் கை தப்பிப்போச்சா என்ற கேள்வியும் சேர்ந்து என்னை என்ன செய்தது என்று எனக்கே தெரியவில்லை. அந்த நிமிஷம் வாயில் வந்ததைச் சொன்னேன். என் கை ஒன்றும் தப்பவில்லை, வீட்டில் ஒருத்தி தீட்டோடு கொட்டகைக்குள் நுழைந்திருக்கிறாள் என்றேன். பட்லர் உச்சுக்கொட்டினான். வேலைக்கு நின்ற பெண்கள் இரண்டு பேரும் வாயில் கை வைத்தார்கள். எல்லாருக்கும் அது உடனே புரிந்தது, உடனே போதுமானதாகவும் இருந்தது. மணலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்தது உன் கண் முன்னால் நடந்தது. ஆனாலும் எழுதுகிறேன், நீ அதை உனக்கு வசதியாக மாற்றி வைத்திருப்பாய். தாணம்மை உள்ளேயிருந்து வந்தாள். அழவில்லை. தீய்ந்த செடிச் சட்டி ஒன்றைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள். சட்டியின் வெளிப்புறத்தில் சுற்றிலும் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. "அத்தை, இது உப்பு. வேணும்னா நக்கிப் பாருங்கோ. செவந்திக்கும் நான்தான் வெள்ளம் விட்டேன், அது வாடல்லியே. மணலு மாத்தின சட்டிதான் எல்லாம் போகு" என்றாள். ஒரு வக்கீல் இப்படி வாதாடியிருந்தால் ஊர் கைதட்டியிருக்கும். நான் சொன்னேன், "ஏட்டி, தீட்டோட உள்ள ஏறினதும் போதாம, எனக்குத் தொழில் படிச்சுத் தாறியா?" அவள் என்னை விட்டுவிட்டு உன் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒருக்கா நக்கிப் பாருங்க" என்றாள். நீ சட்டியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "அம்மை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாய். சட்டி உன் காலடியில் இருந்தது மக்கா. குனிய வேண்டியதுதான் பாக்கி.

இனி எழுதப்போவதுதான் நீ அறியாதது. அன்றைக்கு உச்சிப் பொழுதில் நீங்கள் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, நான் கொட்டகைக்குள் போய் அந்தச் சட்டியை எடுத்து நக்கிப் பார்த்தேன். கரித்தது. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் கரித்தது. ஏழு சட்டி பார்த்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உங்களோடு உட்கார்ந்து சோறு தின்றேன். அவள்தான் பரிமாறினாள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று இத்தனை வருஷம் நான் என்னிடமே சொல்லிப் பார்த்திருக்கிறேன், அது நிற்கவில்லை. தெரிந்த பிறகும் அவள் பதினெட்டு நாள் நம் வீட்டில்தான் இருந்தாள். பதினெட்டு நாளில் எந்த நேரத்திலும் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன், ஆனால் அவளை ஏசத்தான் திறந்தேன். மறுநாளிலிருந்து அவள் தொட்ட தண்ணீரை நான் குடிக்கவில்லை. அவள் பெருக்கின இடத்தில் சாணி தெளிக்கச் சொன்னேன். அவளுடைய அண்ணன் தையில் வந்து கூட்டிக்கொண்டு போனபோது, அவள் என் காலில் விழ வந்தாள், நான் காலை இழுத்துக்கொண்டேன்.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. உப்பு ஏறின சட்டியை எப்படிப் பிழைக்க வைப்பது என்று உனக்கு இப்போது எழுதித் தருகிறேன், உன் தொழிலுக்கு உதவும். சட்டியைத் துவாரம் அடைபடாமல் தூக்கி வைத்து, நல்ல குளத்துத் தண்ணீரை மேலிருந்து நிதானமாக ஊற்று. சட்டி எவ்வளவு தண்ணீர் கொள்ளுமோ அதைப்போல மூன்று பங்கு அடிவழியாக ஓடிப் போக வேண்டும். ஒரு நாள் விட்டு மறுநாள் இன்னொரு தடவை. பிறகு பத்து நாள் நிழல், எருப் பக்கம் போகவே கூடாது. இதை நான் எங்கே படித்தேன் என்கிறாய்? அவள் அண்ணனோடு வண்டி ஏறின மறுநாள் நானே செய்து பார்த்துப் படித்தது. நீ திருவனந்தபுரத்துக்கு வேலை தேடிப் போய் மூன்று வாரம் தங்கியிருந்தாய், அறுபது எழுபது சட்டி மிச்சம் இருந்தது, ஒவ்வொன்றாகக் கழுவினேன். நீ திரும்பி வந்தபோது அதெல்லாம் தளிர்த்து நின்றது. உன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "அவ போனதும் தளிர்த்துட்டு, பாத்தியா?" என்றேன். மஞ்சள் தண்ணீர் தெளித்ததாகச் சொன்னேன். நீ அந்தத் தளிரைத் தடவிப் பார்த்தாய். அந்த மாதமே தீர்த்து எழுத ஒத்துக்கொண்டாய். மேலே எழுதினேனே, ஒரே ஒரு பொய் என்று, அது இதுதான். ஊரில் இன்றைக்கும் அதைச் சாட்சியாகச் சொல்லுகிறார்கள், தாணம்மை போனாள், ஒழுகினசேரித் தோட்டம் தளிர்த்தது என்று.

நான் உன்னையும் சும்மா விடப்போவதில்லை. அம்மா மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு நீ வெள்ளை வேட்டியோடு மணையில் உட்காரலாம் என்று நினைக்காதே. நீ என்னை நம்பினாய் என்று சொல்லுவாய். நம்பவில்லை, உனக்கு அது சுகமாக இருந்தது. வீட்டில் இரண்டு பெண்கள் மல்லுக்கு நின்றால் ஒருத்தி போய்விட்டால் சத்தம் ஓயும், அவ்வளவுதான் உனக்கு வேண்டியிருந்தது. அவள் மூன்று வருஷம் உனக்குச் சோறு போட்டவள். காய்ச்சலில் கிடந்த எனக்குக் கஞ்சி காய்ச்சினவள். ஒரு தடவை நாக்கை நீட்டிப் பார் என்றுதானே கேட்டாள்? போன பிறகு ஒரு கடிதம் போட்டாயா? உன்னை நான்தான் அப்படி வளர்த்தேன் என்று சொல்லுவாய், அதுவும் உண்மைதான். அப்பா இல்லாத பிள்ளை என்று, எதையும் நீ சோதித்துப் பார்க்கவிடாமல், எல்லாவற்றையும் நானே ருசி பார்த்து உன் வாயில் ஊட்டினேன். அந்த வளர்ப்பும் என் தப்புத்தான். ஆனால் உனக்கு வயது இருபத்தாறு அப்போது.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் காலையில் பஸ் ஏறி நெய்யூரில் இறங்கி, விசாரித்துக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். முழங்கால் வலி என்னோடு கூடவே வந்தது. அவள் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்து போயிருக்கிறாள், முன்நெற்றியில் நரை. வாங்க என்றாள், உட்காரத் தடுக்கை எடுத்துப் போட்டாள். அந்த வீட்டுப் பின்னால் நல்ல வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. பேச்சுக்குப் பேச்சு வேண்டுமே என்று, கொடியெல்லாம் நீதான் பார்க்கிறாயா என்று கேட்டேன். அண்ணன் பெண்டாட்டி உள்ளேயிருந்தபடியே பதில் சொன்னாள், இவளை அந்தப் பக்கம் விடுவதில்லையாம். நடவுக்கும் யாரும் இவளைக் கூப்பிடுவதில்லையாம். இவள் கை பட்டால் நாற்று பிடிக்காது என்று எட்டு ஊருக்குத் தெரியுமாம். இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தவர்களும் இதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்களாம். மாதம் மூன்று நாள் என்று நான் கிளப்பிவிட்டது, இங்கே அவளுக்கு வருஷம் முழுக்க ஆகியிருக்கிறது. செடி என்றால் உயிரை விடுகிறவள் நாலு வருஷமாக ஒரு கீரை விதை போடவில்லை. இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அவள் தலையைக் குனிந்து நெல்லைக் காலால் கிண்டிக்கொண்டே நின்றாள்.

நான் சொன்னேன். மணல், சட்டி, உச்சிப் பொழுது, கழுவினது, உன்னிடம் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், அவருக்குத் தெரியுமா என்று. தெரியாது என்றேன். முகம் கொஞ்சம் கோணினது, உடனே சரி பண்ணிக்கொண்டாள். நான் உன்னிடம் எழுதுகிறேன், நீ வந்து கூப்பிட்டால் வருவாயா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "நான் வந்தா நீங்க நல்லவங்க ஆயிருவியோ. அதுக்காக நான் வரமாட்டேன்" என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. பிறகு சொன்னாள், "எனக்குத் தெரிஞ்ச காரியத்தையா இவ்வளவு தூரம் வந்து எங்கிட்ட சொல்லுகியோ? தெரியாதவங்க எத்தன பேரு இருக்காவ. அங்க போய்ச் சொல்லுங்கோ." குடிக்க மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடியும் நெல் கிண்டப் போய்விட்டாள். என்னை ஏசியிருந்தால் நான் கொஞ்சம் அழுதிருப்பேன்.

அந்த வீட்டிலிருந்தே தொடங்கினேன். அண்ணன் பெண்டாட்டியை வெளியே கூப்பிட்டு அவளிடம் சொன்னேன். கிணற்றடியில் நின்ற பெண்களிடம் சொன்னேன். பைத்தியக்காரி என்பது மாதிரி பார்த்தார்கள். திரும்பி வந்து நம் தோட்டத்தில் அன்றைக்கு வாயில் கை வைத்த இரண்டு பெண்களிடமும் சொன்னேன். ஒருத்தி நம்பவில்லை. தளிர்த்ததை நாங்களே கண்ணால் பார்த்தோமே என்று என்னிடமே வாதாடுகிறாள். நான் கட்டின பொய் என்னைவிடப் பலமாக நிற்கிறது மக்கா, நானே முட்டினாலும் அசையவில்லை. அவள் நம்பும்வரை தினமும் சொல்லப்போகிறேன், எனக்கு வேறு என்ன வேலை. சட்டியும் இப்போது அறுபதுக்கு மேல் இல்லை.

நேற்று களியக்காவிளைக்குப் போனேன். கோபப்படு, பல்லைக் கடி, ஆனால் போய்விட்டேன். உனக்கு முன்கூட்டி எழுதியிருந்தால் நீ என்னைத் தடுத்திருப்பாய், நானும் தடுக்கப்பட்டு நின்றிருப்பேன். கொப்பரை வியாபாரம் நடக்கிற அந்தப் பெரிய முற்றத்தில் உன் மாமனாராக வரப்போகிறவரையும் அவர் பெண்டாட்டியையும் உட்காரவைத்து முழுக்கச் சொன்னேன். கேட்டு முடித்ததும் மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது இதை வந்து சொல்லக் காரணம் என்ன, எங்களை அவமானப்படுத்தவா என்று கேட்டார். உங்கள் மகளிடம் இந்த விலக்கை நானே சொல்ல வேண்டும் என்று என் மகன் எழுதியிருக்கிறான், இன்னொரு பெண்ணிடம் அதை என் வாயால் சொல்ல முடியாது என்றேன். அவர் பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள். ஆண்பிள்ளை நல்லவன், கிழவி செய்ததற்கு அவன் என்ன செய்வான் என்று அவளே உனக்காகப் பரிந்து பேசினாள். நானும் கொஞ்சம் ஆறுதலாக மூச்சு விட்டேன், பெற்ற வயிறு இல்லையா.

அப்போதுதான் அந்தப் பெண் அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள். நீ பெண் பார்க்கப் போனபோது அவள் வாயே திறக்கவில்லை என்று எழுதியிருந்தாய். இப்போது திறந்தாள். என்னைப் பார்த்து மரியாதையாகத்தான் கேட்டாள். "அந்த அக்கா நக்கிப் பாருங்கன்னு சொன்னப்ப, அவிய ஏன் பாக்கல்ல?"

அவளுடைய அம்மா அதட்டினாள், அவள் உள்ளே போகவில்லை. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உனக்காகச் சொல்ல எனக்கு நூறு சமாதானம் இருந்தது, இருபது வருஷமாக அதுதானே என் தொழில். ஒன்றையும் சொல்லவில்லை. அவனிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். அவள் அப்பா, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பந்தக்கால் நடாமல் நிறுத்தி வைக்கிறேன், அவர் வந்து என் மகளிடம் சொல்லட்டும், மேற்கொண்டு அவள் இஷ்டம் என்றார். இந்தக் கடிதம் சனிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். முதலில் இங்கே என்னிடம் வந்து என்ன சொல்லலாம் என்று கேட்காதே. நேரே களியக்காவிளைக்குப் போ. அவள் கேட்பாள். நான் வரமாட்டேன்.

உன்னைப் பெற்ற
அம்மை